தேக்கும் ஈட்டியும்: ஒட்டு பிரியாமல் பலகை சேர்க்கும் முறை

மேசைப்பலகை செய்த சில மாதங்களில் ஒட்டு வாய் பிளந்தால், பழி பசைமேல்தான் விழும். தேக்கு, ஈட்டி (ரோஸ்வுட்) மர விஷயத்தில் குற்றவாளி பெரும்பாலும் ஒட்டிய முகம்தான், அதாவது பசை தடவிய மரப்பரப்புதான். இவற்றின் வைரத்தில் (கெட்டியான நடுமரத்தில்) இயற்கையாகவே எண்ணெயும் பிசினும் உண்டு. பூச்சியையும் அழுகலையும் அண்டவிடாத இதே சரக்கு, பசையையும் உள்ளே இறங்க விடாது.

இங்கே 100 மி.மீ. அகலம், 22 மி.மீ. தடிமன், 900 மி.மீ. நீளமுள்ள 4 பலகைகளைப் பக்கவாட்டில் சேர்க்கிறோம்.

1. பலகை. வெளிறு (வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற மரம்) இல்லாததாக எடுங்கள். இடையில் குச்சி வைத்து அடுக்கி, வேலை செய்யும் அறையிலேயே இரண்டு வாரம் விடுங்கள். ஈரமானியில் 8 முதல் 12 சதவீதம் காட்ட வேண்டும். பலகைக்குப் பலகை 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஈட்டி என்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருப்பதால், நாடு விட்டு நாடு அனுப்பும்போது ஆவணம் கேட்பார்கள்.

2. ஓரம் இழைத்தல். தேக்கில் சிலிக்கா இருக்கிறது; சாதாரண எஃகு அலகு சீக்கிரம் மழுங்கிவிடும். இயந்திரத்தில் எஃகைவிடக் கடினமான கார்பைடு அலகு போடுங்கள், கை இழைப்புளியை அடிக்கடி தீட்டுங்கள். மழுங்கிய அலகு மரத்தைச் சீவாது, தேய்த்து மெருகேற்றும். அந்தப் பளபளப்பில் பசை பிடிக்காது.

ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடியில் பரவினால் நல்லது. உருண்டு முத்தாக நின்றால் மீண்டும் ஒரு மெல்லிய சீவல் எடுங்கள். நனைந்த இடம் நன்றாக உலர்ந்த பிறகே அடுத்த வேலை.

3. துடைத்தல். வெள்ளைத் துணியில் அசிட்டோன் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்) தொட்டு, துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். ஈட்டியின் ஊதாச் சாயம் நிறையவே வரும். பக்கத்தில் வெளிர் மரம் இருந்தால் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் நெருப்பு கூடாது, காற்றோட்டம் வேண்டும். அசிட்டோன் ஆவியானதும், அதாவது ஓரிரு நிமிடத்தில், பசை போட்டுவிடுங்கள். நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். இழைப்பதும் ஒட்டுவதும் ஒரே நாளில் முடிய வேண்டும். துடைப்பதைவிட, அப்போதே சீவிய முகம்தான் முக்கியம் என்பது எங்கள் கருத்து.

4. பசை. தேக்குக்கு நல்ல பிவிஏ மரப்பசை (தச்சு வேலைக்கான சாதாரணப் பசை) போதும். எண்ணெய் அதிகமுள்ள ஈட்டிக்கு மெதுவாக இறுகும் எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்து போடும் பசை) நல்லது. இரண்டு முகத்திலும் மெல்லிதாகத் தடவுங்கள். முதலில் இரண்டு துண்டுக் கட்டைகளை ஒட்டி, மறுநாள் தட்டி உடைத்துப் பாருங்கள்: மரம் நார் நாராகக் கிழிந்தால் ஒட்டு சரி. பசைக்கோட்டிலேயே வழவழவென்று பிரிந்தால், இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

5. கிளாம்ப் (இறுக்கும் பிடி). 20 முதல் 25 செ.மீ. இடைவெளியில், மேலொன்று கீழொன்றாகப் போட்டால் பலகை வளையாது. பிவிஏ என்றால், கோடு நெடுகச் சிறு மணிகளாகப் பசை பிதுங்கும்வரை இறுக்குங்கள். எபாக்சியை அப்படி இறுக்கினால் உள்ளே பசையே மிஞ்சாது. முகங்கள் தொட்டு நின்றால் போதும். 24 மணி நேரம் அசைக்காதீர்கள்.

6. சட்டத்தில் பொருத்துதல். 400 மி.மீ. அகலத் தேக்குப் பலகை பருவத்துக்குப் பருவம் 2 முதல் 3 மி.மீ. வரை விரிந்து சுருங்கலாம். திருகுத் துளைகளை அகலவாக்கில் நீளமாகத் துளைத்தால் பலகை நகர இடம் கிடைக்கும், வெடிக்காது.

7. பூச்சு. உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். இரண்டு மரத்தின் தூளும் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும். ஈட்டிமேல் நேராக எண்ணெய் வார்னிஷ் அடித்தால் பல நாள் ஆனாலும் பிசுபிசுக்கும். மரத்திலுள்ள வேதிப்பொருள் அதை உலர விடாது. மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்குப் பூச்சை) முதலில் ஒரு கோட் மெல்லிதாக அடித்து, காய்ந்தபின் வார்னிஷ் போடுங்கள்.