தவக்காலத்தில் திங்கட்கிழமை தோறும் சிதறிய மனம்

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலத்தில் மாலைச் செபத்துக்கு அமர்ந்த சில நிமிடங்களிலேயே கை தானாகக் கைப்பேசியைத் தேடுவதும், படித்த வசனத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதும் எனக்குப் பெருந்தொல்லையாக இருந்தன. செயலிகளை நீக்கினேன், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தேன், செபத்தை விடியற்காலைக்கு மாற்றினேன். எதுவும் நீடிக்கவில்லை.

மனம் சிதறிய நாட்களை நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வந்தபோதுதான், குறிகள் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் விழுந்திருப்பது தெரிந்தது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி வரை உள்ளவை 46 நாட்கள். இயேசு உயிர்த்த நாளாகிய ஞாயிறுகள் ஆறையும் கழித்தே நோன்பு நாட்களை 40 என்று எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் ஞாயிறன்று உணவு நோன்போடு கைப்பேசிக் கட்டுப்பாடும் தளர்ந்துவிட, இரவு வெகுநேரம் பார்த்த காணொளிகள் மறுநாள் செபத்திலும் ஓடிக்கொண்டிருந்தன.

தளர்வை உணவோடு நிறுத்திக்கொண்டு, ஞாயிறு மாலையே கைப்பேசியை அணைத்து, திங்கட்கிழமைக்குரிய நற்செய்தி வாசகத்தை அன்றிரவே வாய்விட்டுப் படித்துவிட்டு உறங்கத் தொடங்கினேன். வாய்விட்டுப் படிப்பது முக்கியம். கண்ணால் மட்டும் ஓட்டினால் மறுநாள் ஒரு சொல்லும் நினைவில் நிற்பதில்லை. அடுத்த வாரமே திங்கட்கிழமைக் கட்டம் குறியின்றி இருந்தது. செவ்வாயன்று எப்போதாவது ஒரு குறி விழுகிறது. அதை நான் பொருட்படுத்துவதில்லை.