ஆப்ஷன் செயினில் எதைப் பார்க்கணும்?

சேலம் லீ பஜாரில் மஞ்சள் ஏலத்துக்கு வர்ற வியாபாரி விலையை மட்டும் கேட்டுட்டுப் போக மாட்டார். எத்தனை மூட்டை இறங்கியிருக்குன்னும் பார்ப்பார். பங்குக்கும் அதே பார்வை வேணும்.

என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தளத்தில் ஆப்ஷன் செயினைத் திறங்க. ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலைக்கு வாங்குற உரிமை கால், விக்கிற உரிமை புட். இந்த ஆப்ஷன் ஒப்பந்தங்களோட பட்டியல்தான் ஆப்ஷன் செயின். வால்யூம் (அன்னிக்குக் கைமாறின ஒப்பந்தங்கள்) எகிறியிருந்தாலும் ஓபன் இன்டரஸ்ட் (இன்னும் முடிக்காம நிக்கிற ஒப்பந்தங்கள்) கூடலைன்னா, அதில் பெரும்பகுதி அன்னன்னிக்கு வாங்கி விக்கிறவங்க கூட்டம்தான். ரெண்டும் சேர்ந்து ஏறினால்தான் புதுப் பணம் நிக்குது.

உதாரணமா, பங்கு 480 ரூபாய். 500 ரூபாய்க்கு வாங்குற கால்-இல் ஓபன் இன்டரஸ்ட் குவிஞ்சிருக்கு. விலை 500-ஐத் தாண்டுவது கஷ்டம்னு அங்கே விற்றவங்க நினைக்கிறாங்க. விலை 500-ஐ நெருங்கும்போது அந்த எண்ணிக்கை மளமளன்னு குறைஞ்சா, விற்றவங்க பயந்து திரும்ப வாங்குறாங்கன்னு எடுத்துக்கலாம். நான் ரொம்ப மதிக்கிற அறிகுறி இதுதான்.

புட்-கால் விகிதம் (புட் ஓபன் இன்டரஸ்ட்டைக் கால் ஓபன் இன்டரஸ்ட்டால் வகுத்தது) 1-க்கு மேல போனதும் பயம்னு முடிவு கட்டிடாதீங்க. புட்டை விற்றவங்க அதிகம்னா அது விலை விழாதுங்கிற நம்பிக்கை. பிரீமியம் (ஆப்ஷனோட விலை) ஏறுதா இறங்குதான்னு சேர்த்துப் பாருங்க. எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியிற) வாரத்தில் ரோல்ஓவர் நடக்கும், அதாவது பழைய ஒப்பந்தத்தை முடிச்சுட்டு அடுத்ததுக்கு மாறுவாங்க. அப்போ இந்தக் கணக்கை அவ்வளவா நம்ப வேண்டாம்.