ஜெர்மனிக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய ஒரு சொல்

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேறல் சான்றும் வேண்டும். 11 இலக்க வரி எண் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். இதெல்லாம் எப்படியோ நடந்துவிடும்.

ஆளைக் கவிழ்ப்பது வேறு. உங்களுக்கு வந்த கடிதத்தில் இருப்பது ‘ஆர்பைட்ஸ்ஃபெர்ட்ராக்’, அதாவது வேலை ஒப்பந்தமா, இல்லை ‘ஸ்டிபெண்டியமா’, அதாவது உதவித்தொகையா? நம்மூரில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் வீடே கொண்டாடும். அதே நினைப்பில் இங்கேயும் உதவித்தொகைக்கு உடனே தலையாட்டிவிடுகிறார்கள். வரி கிடையாது, பிடித்தமும் கிடையாது, சொன்ன தொகை அப்படியே கணக்கில் விழும். ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஊழியரே இல்லை!

ஒப்பந்தக்காரரின் சம்பளச் சீட்டில் வரி போக நான்கு பிடித்தங்கள் இருக்கும்: மருத்துவம், நீண்டகாலப் பராமரிப்பு, ஓய்வூதியம், வேலையின்மை. பார்த்தால் வயிறு எரியும். ஆனால் பின்னால் கைகொடுப்பது அந்த நான்கு பிடித்தங்கள்தான். ஆராய்ச்சியாளர் விசாவிலிருந்து நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது 36 மாத ஓய்வூதியச் சந்தா காட்டச் சொல்வார்கள். மூன்று வருடம் ஸ்டிபெண்டியத்தில் மாடாய் உழைத்தவர் கணக்கில் ஒரு மாதம்கூட ஏறியிருக்காது. வேலை போனால் கிடைக்கும் வேலையின்மைப் படித்தொகைக்கும் கடைசி 30 மாதத்தில் 12 மாதம் காப்பீட்டுடன் வேலை பார்த்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நேராக வருகிறவருக்கு ஒப்பந்தம் இல்லையென்றால் அரசு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கிடைக்காது. மலிவான தனியார் காப்பீட்டை எடுத்தால் பழைய நோய்க்கும் பிரசவத்துக்கும் என்ன விதி என்று வரி வரியாகப் படியுங்கள்.

ஆகவே சம்மதம் சொல்லுமுன் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்: ஒப்பந்தமா? டி.வி.-எல் (மாநில அரசுப் பணியாளர் ஊதிய அட்டவணை) இ13 நிலையா? எத்தனை சதவீத வேலைநேரம்? எத்தனை மாதம்? ஸ்டிபெண்டியம்தான் என்றால் ஒப்பந்தமாக மாற்றித் தர வழியுண்டா என்றும் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். ஜெர்மனியின் பெரிய ஆராய்ச்சி அமைப்பான மாக்ஸ் பிளாங்க் கழகமே 2015-இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகையை விட்டு ஒப்பந்தத்துக்கு மாறியது.

ஒப்பந்தம் கிடைத்தவர்களும் முடிவு தேதியைக் குறித்து வையுங்கள். டிசம்பர் 31-இல் முடிகிறதென்றால் செப்டம்பர் 30-க்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ‘வேலை தேடுபவர்’ என்று பதிய வேண்டும். நீட்டிப்பு வரும் என்று பேராசிரியர் வாயால் சொல்லியிருந்தாலும் பதியுங்கள். தவறினால் ஒரு வார வேலையின்மைப் படித்தொகை போய்விடும்.