எடை குறைப்பு: சின்ன மாற்றங்களைப் பலிக்கவிடாத தவறுகள்

உடல் எடையைக் குறைப்பது என்று முடிவானதும் நம் வீடுகளில் முதலில் தண்டனை பெறுவது சோறுதான். இரவில் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவதைப் பலரும் ஒரு விரதம்போலவே கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் 200 கிராம் சோற்றில் ஏறத்தாழ 260 கலோரி இருக்கிறது. 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 100 கலோரி. மூன்று சப்பாத்திகளை எண்ணெய் விட்டுச் சுட்டு, குருமாவும் தொட்டுக்கொண்டால், கைவிட்ட சோற்றைவிட அதிகமாகவே வயிற்றுக்குள் போயிருக்கும். முழுக் கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான். எனினும் எடையைப் பொறுத்தவரை தானியத்தை மாற்றுவதைவிட, தட்டில் அதன் அளவைக் குறைத்து, அந்த இடத்தைப் பொரியல், பருப்பு, முட்டை ஆகியவற்றுக்குக் கொடுப்பதே பயன் தரும்.

சோற்றின்மீது பழி விழும்போது சத்தமில்லாமல் தப்பிவிடுவது டீயும் காபியும். நாளுக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு தேக்கரண்டி, தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் 40 கிராம் சர்க்கரை ஆகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை, இனிப்புப் பண்டம் எதையும் தொடாமலேயே இது தாண்டிவிடுகிறது. இதற்குப் பரிகாரமாக நாட்டுச் சர்க்கரைக்கு மாறுவது அடுத்த தவறு, ஏனெனில் கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காலையில் வெந்நீரில் கலக்கும் ஒரு மேசைக்கரண்டி தேனும் கொழுப்பைக் கரைப்பதில்லை. சுமார் 60 கலோரியைச் சேர்க்கத்தான் செய்கிறது. மாறாக, ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டியைக் குறைத்தால் நாளுக்கு 80 கலோரி மிச்சமாகும். அதற்காக, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வகுத்து, ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ இறங்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எடை குறையக் குறைய உடல் செலவிடும் ஆற்றலும் குறைவதால், உண்மையான இறக்கம் அந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

எண்ணெயைப் பாக்கெட்டிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுவதும் கண்ணுக்குத் தெரியாத பழக்கமே. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு நான்கு லிட்டர் ஆவதை மூன்றாக்கினால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கலோரி குறையும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன்மேல் எழுதிவைத்தால் கணக்கு தானே தெரிந்துவிடும்.

நடைப்பயிற்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 65 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரிதான். திரும்பும் வழியில் ஒரு வடையும் டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும், சில நாள் கடனிலும் முடியும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. அதை வடைக்கான அனுமதிச் சீட்டாகக் கொள்வதுதான் பிழை.

பொங்கல் முடிந்த மறுநாளே ஐந்தாறு பழக்கங்களை ஒருசேர மாற்றத் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் எல்லாவற்றையும் கைவிடுபவர்கள் பலர். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற நம்பிக்கை இவர்களைக் கெடுக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரியவந்தது.

தினமும் எடை பார்த்து மனம் தளர்வது வேறொரு தொல்லை. முந்தைய இரவு உப்பு மிகுந்த உணவு உண்டிருந்தால், உடலில் தங்கும் நீராலேயே முள் ஏறி நிற்கும். வாரச் சராசரியையும், தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவையும் குறித்துவருவது போதுமானது. இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும், உணவின் அளவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்; பழைய அளவு மருந்தோடு குறைந்த உணவு சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.