ரோட்டா வைரஸின் வெளியுறை எப்படி மாறுகிறது? நீங்களே பார்க்கலாம்

சனிக்கிழமை பின்னேரங்களில் கோண்டாவிலில் எங்கள் விறாந்தையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் மடிக்கணினியோடு வந்து இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன்.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவருவது ரோட்டா வைரஸ். அதன் வெளியுறையில் விபி7, விபி4 என்று இரண்டு புரதங்கள். வைரஸை முடக்கும் பிறபொருளெதிரிகள் குறிவைப்பது இவற்றைத்தான். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ 11 துண்டுகளாக இருக்கிறது. அதைப் படியெடுக்கும் நொதி தன் பிழையைத் திருத்தாது. அதனால் ஆர்என்ஏயின் எழுத்துகள் (ஏ, யூ, ஜீ, சீ) மாறிக்கொண்டே போகும்.

படி 1: என்சிபிஐ தளத்தில் ஜென்பேங்க் என்ற மரபணு வரிசைத் தரவுத்தளத்தில் ரோட்டா வைரஸ் ஏ, விபி7 என்று தேடுங்கள். ஜி1 வகையில் (விபி7ஐ வைத்துப் பிரிக்கும் வகைகளில் ஒன்று), வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நாடுகளில் எடுத்த பத்து முழு வரிசைகளை ஃபாஸ்டா என்ற எழுத்துக்கோப்பு வடிவில் இறக்குங்கள்.

படி 2: மெகா என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் திறவுங்கள். அவசரம் வேண்டாம், பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான். விபி7க்கான முழுத் துண்டில் 1062 எழுத்துகள் இருக்கும். ஆனால் புரதத்துக்கான பகுதி 49ஆம் எழுத்தில்தான் ஏ-டீ-ஜீ என்று தொடங்குகிறது. முன்னால் உள்ள 48ஐயும் வெட்டிவிடுங்கள். மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம் என்பதால், ஒரு எழுத்துத் தள்ளி வெட்டினாலும் 326 அமினோ அமிலங்களும் குழம்பிவிடும். நடுவிலேயே நிறுத்தக் குறிகள் வந்தால் அதுதான் காரணம். ஆர்என்ஏயின் யூ இருக்கும் இடத்தில் தரவுத்தளம் டீ என்றுதான் காட்டும், பயப்படாதீர்கள். அப்புறம் மும்மூன்று எழுத்தாக ஒப்பிடும் மஸ்ல் கோடன் முறையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்துங்கள்.

படி 3: இது என் விருப்பமான இடம். 94ஆவது அமினோ அமிலத்துக்குப் போங்கள். சில வைரஸ்களில் அஸ்பரஜின், சிலவற்றில் செரின். ஏ-ஏ-டீ என்பது ஏ-ஜீ-டீ ஆனால் போதும், ஒரே ஒரு எழுத்து! பிறபொருளெதிரி பிடிக்கும் பகுதியில் இருப்பதால் இந்த மாற்றம் கவனிக்க வேண்டியது. அதுவே ஏ-ஏ-சீ ஆகியிருந்தால் அஸ்பரஜின் அப்படியே இருக்கும். வைரஸ் மாறியிருக்கும், புரதம் மாறியிராது. வைரஸ்களின் உறவைக் காட்டும் மரம் வரைவதற்கு முன் இப்படி எழுத்தெழுத்தாக ஒருமுறை பாருங்கள்.

படி 4: நெய்பர் ஜாயினிங் என்ற முறையில் மரம் வரையுங்கள்; கிளைகள் எவ்வளவு உறுதி என்று பார்க்கும் பூட்ஸ்ட்ராப் சோதனையை 1000 முறை என்று வையுங்கள். சரி, மரம் வந்துவிட்டது. ஆனால் அது விபி7இன் மரம் மட்டுமே. ஒரே கலத்துக்குள் இரண்டு வைரஸ்கள் புகுந்தால் துண்டுகள் கலந்துவிடும். அதனால் அதே வைரஸ்களின் விபி4 மரத்தையும் வரையுங்கள். ஒரு வைரஸ் இரண்டு மரங்களிலும் வெவ்வேறு உறவினரோடு நின்றால் துண்டு மாறியிருக்கலாம் என்று சந்தேகியுங்கள். மற்ற ஒன்பது துண்டுகளையும் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.