தாயகம் செல்வோரும் அன்றாட மருந்துகளும்

நல்லூர்த் திருவிழாவை ஒட்டியும் மார்கழி விடுமுறையிலும் இலண்டன், ரொறன்ரோ, சூரிச் போன்ற நகரங்களிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நம்மவரில் பலர் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தைரொயிட் போன்றவற்றுக்கு நாள்தோறும் குளிசை எடுப்பவர்கள். மருந்து முடிந்தால் ஊர்ப் பாமசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் புறப்படுபவர்கள், எதை வாங்க வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் ஒரு கடிதத்தையாவது கையில் வைத்திருக்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் வணிகப் பெயர் அதற்குப் போதாது.

வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் டைலனோல் என்று வாங்குவதும் இலங்கையில் பனடோல் என்று வாங்குவதும் ஒரே மருந்துதான். அங்கே அசெற்றமினோபென் என்றும் இங்கே பரசிற்றமோல் என்றும் எழுதப்பட்டிருப்பதால் இரண்டையும் வெவ்வேறு மருந்துகளாக நினைத்துச் சேர்த்து விழுங்குபவருக்கு ஈரல் பாதிக்கப்படலாம். சில குளிசைகளில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். ஜனுமெற் என்பதில் சிற்றாகிளிப்ரினும் மெற்போமினும் உள்ளன. அதற்குப் பதிலாக மெற்போமின் மட்டும் கிடைத்தால் பாதி மருந்து விடுபட்டுப் போகும். ஜெர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் இரத்தம் உறையாதிருக்க மார்க்குமார் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதிலுள்ள மருந்து, இலங்கை வைத்தியர்கள் வழக்கமாக எழுதும் வார்பரினை விட நெடுநாள் உடலில் தங்குவது. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளக் கூடியதன்று.

ஆகவே புறப்படுமுன் குடும்ப வைத்தியரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மருந்தினதும் வேதிப்பெயர், எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை முறை, மெதுவாகக் கரையும் வகையா என்பன அதில் இருக்க வேண்டும். ஜெர்மன், பிரெஞ்சு, நோர்வீஜிய மொழிச் சிட்டைகளை ஊரில் வாசிக்க ஆள் கிடைப்பது அரிது என்பதால் கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது அவசியம். தங்கும் நாட்களுக்குத் தேவையான முழு அளவுடன் இரண்டு வாரத்துக்கான மேலதிக மருந்தையும் எடுத்துச் செல்லுங்கள். 2022 பொருளாதார நெருக்கடியின்போது இலங்கை வைத்தியசாலைகளிலேயே மருந்துகள் தட்டுப்பட்டதை நாம் அனைவரும் கண்டோம். மருந்துகளை அவற்றின் பெட்டியோடு கைப்பையில் வையுங்கள். நரம்பு வலிக்கான பிரிகபலின், வலிநிவாரணிகளான திரமடோல், கொடெயின் ஆகியவை போதைக்காகத் துஷ்பிரயோகம் செய்யப்படுபவை என்பதால், அவற்றை எடுப்பவர்கள் தமது நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் முன்கூட்டியே விசாரித்து, பெயர் பொறித்த பெட்டியுடனும் வைத்தியர் கடிதத்துடனும் மட்டுமே கொண்டு செல்ல வேண்டும்.

இன்சுலின் எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் பயன்படாது என்பதால் விமானத்தின் அடித்தளத்துக்குப் போகும் பெட்டியில் அதை வைக்கவே கூடாது. ஊர் வீட்டின் குளிர்சாதனப் பெட்டியிலும் உறைபெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். சென்னை வழியாகப் போய் அங்கே மருந்து வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தியாவில் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு கொண்ட இன்சுலின் குப்பிகள் இன்றும் பரவலாக விற்கப்படுகின்றன, அவற்றுக்கென்றே சிவப்பு மூடி ஊசிகள் உள்ளன. மேலை நாடுகளில் நாம் பழகியது 100 அலகுச் செறிவு, அதன் ஊசிக்குச் செம்மஞ்சள் மூடி. 100 அலகுச் செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உடலுக்குள் போவது 25 அலகு; சீனி திடீரென இறங்கி மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். குப்பியில் அச்சிட்ட எண்ணையும் ஊசியில் அச்சிட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் போடாதீர்கள். இரத்தச் சீனி அளவும் பிரித்தானியாவிலும் கனடாவிலும் ஒரு முறையில், இலங்கையில் வேறு முறையில் சொல்லப்படுகிறது: அங்கே 7 என்பது இங்கே 126. பதினெட்டால் பெருக்கினால் போதும்.

ஊரில் வாங்க நேர்ந்தால், முதலில் ஒரு வைத்தியரைச் சனல் பண்ணி, அதாவது முன்பதிவு செய்து சந்தித்து, உள்ளூர்ச் சிட்டை எழுதுவியுங்கள். அதற்காகச் செலவாகும் ஒரு மாலைப்பொழுது வீணன்று. பிறகு 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்கும் பாமசியிலோ அரசின் ஒசுசல மருந்துக்கடையிலோ வாங்குங்கள். குளிசைகளை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தரும் வழக்கம் இன்னும் உண்டு. அப்படித் தந்தால், காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட அட்டைப் பகுதியைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்டு, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டையும் வாங்குங்கள். “இதுவும் அதேதான்” என்று வேறு பெயருள்ள அட்டையைத் தந்தால், வேதிப்பெயரும் மில்லிகிராமும் உங்கள் கடிதத்தோடு பொருந்துகின்றனவா என்று மருந்தாளரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். கூடப் பிறந்தவர்களானாலும், அவர்களுடைய பிறஷர்க் குளிசையை இரவல் வாங்கி விழுங்காதீர்கள்.

காய்ச்சல் கண்டால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வடகீழ்ப் பருவமழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு பரவும் காலமும் மார்கழி விடுமுறையும் ஒன்றாகவே வருகின்றன. அந்நாட்களில் உடல் நோவுக்கென்று டைக்குளோபினக், இபூபுரோபென், அஸ்பிரின் எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். டெங்கில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக வைத்தியர் எழுதிய அஸ்பிரினை ஏற்கெனவே எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பரசிற்றமோல் மட்டும் எடுக்கலாம், வளர்ந்தவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. ஈரல் நோயுள்ளவர்களுக்கும் மெலிந்த முதியவர்களுக்கும் அதிலும் குறைவு. கடும் வயிற்று நோ, விடாத வாந்தி, பல் முரசில் இரத்தம், காய்ச்சல் விட்டபின் கைகால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்றாவது தெரிந்தால் பாமசிக்கு அன்றி வைத்தியசாலைக்கே செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.