நிலவில் நடக்கும் திகில் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலவைக் களமாகக் கொண்டு அறிவியல் புனைவோ திகிலோ எழுதுகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பூமியில் உள்ள பாழடைந்த பங்களாவை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் நிலவில் இறக்கிவிடுகிறார்கள். நிலவின் இயற்பியலைத் திரைக்கதைக்குத் தடையாகக் கருதுவதால்தான் இது நேர்கிறது. உண்மையில் அங்கே அச்சம் தரக்கூடியவை எல்லாம் அந்த இயற்பியலில்தான் இருக்கின்றன.

முதல் தவறு ஒலியில் தொடங்குகிறது. நிலவின் பரப்பில் காற்று இல்லாததால், வெளியே வெடிக்கும் எதுவும் தூரத்தில் நிற்பவரின் காதுக்கு எட்டாது. இதை அறிந்த இயக்குநர்களோ இன்னொரு கோடிக்குப் போய், படம் முழுவதையும் ஊமையாக்கிவிடுகிறார்கள். அதுவும் தவறுதான். விண்வெளி உடைக்குள் இருப்பவருக்குத் தன் மூச்சு கேட்கும். காற்றைச் சுழற்றும் விசிறியின் இரைச்சல் கேட்கும். ரேடியோவில் கூட்டாளியின் குரல் கேட்கும். பாறையில் பட்ட சுத்தியலின் அதிர்வு கையுறை வழியாக வந்து சேரும். ஒருவர் குனிந்து மண் அள்ளிக்கொண்டிருக்கிறார், அவருக்குப் பத்தடி பின்னால் கூட்டாளி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுந்த சத்தம் இல்லை. ரேடியோவில் இதுவரை கேட்டுக்கொண்டிருந்த இரண்டு மூச்சுகளில் ஒன்று நின்றுபோகிறது, அவ்வளவுதான். இதற்குப் பின்னணி இசை எதுவும் தேவையில்லை.

தரையின் அதிர்வையும் யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. 1969 நவம்பரில் நிலவில் இறங்கிய அப்போலோ 12 குழுவினர், நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்துக்குத் திரும்பிய பிறகு, தாங்கள் ஏறிவந்த கலத்தை நிலவின் மேல் விழச் செய்தார்கள். அவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த நில அதிர்வுமானி, அந்த ஒரு மோதலின் அதிர்வைக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பதிவு செய்தது. அதிர்வை விழுங்கிக்கொள்ளும் ஈரம் இல்லாத, நொறுங்கி விரிசல் விட்ட பாறை அது. ஒரு முறை விழுந்த அடி, தளத்தின் கருவிகளில் ஒரு மணி நேரம் அடங்காமல் தெரிகிறது என்பதை வைத்தே ஒரு முழுக் காட்சியை எழுதிவிடலாம்.

அடுத்தது ஈர்ப்பு விசை. நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு என்பதால் எல்லாவற்றையும் ஸ்லோ மோஷனில் எடுப்பது பழைய வழக்கம். மார்பு உயரத்திலிருந்து, அதாவது சுமார் 1.5 மீட்டரிலிருந்து நழுவும் ஸ்பானர் பூமியில் 0.55 நொடியில் தரையைத் தொடும். நிலவில் ஏறக்குறைய 1.36 நொடி ஆகும். விழும் பொருளுக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் அதைப் பிடிக்க நீளும் கை மெதுவாக நகர வேண்டிய காரணமே இல்லை. உடையின் விறைப்பு மட்டுமே அதைத் தடுக்கும். மேலும், குறைவது எடைதான், நிறை அல்ல. வேகமாக ஓடிவந்தவர் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. துரத்தல் காட்சி எழுதுபவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது.

நிலவின் மறுபக்கத்தை ‘இருண்ட பக்கம்’ என்று வசனம் எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். அங்கும் நம் கணக்கில் சுமார் 14 நாள் பகல், 14 நாள் இரவு உண்டு. பூமியிலிருந்து அது தெரியாது என்பது மட்டுமே உண்மை. அதேபோல், நமக்குத் தெரியும் பக்கத்தில் ஓரிடத்தில் நிற்பவருக்குப் பூமி வானில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். தளத்தின் ஜன்னலில் பூமி உதித்து மறைவதாகக் காட்டுவது பிழை.

ஆனால் சூரியன் மறையும், அதுவும் மிக மெதுவாக. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரிய வட்டம் தொடுவானத்தைத் தொட்டதிலிருந்து முழுதாக மறையும்வரை சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அங்கே இரவின் விளிம்பு தரையில் நகரும் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில்தான். அப்போலோ பயணிகள் ஓட்டிய வண்டியின் உச்ச வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரவுக்கு முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டே இருந்தால் இருட்டு நம்மைத் தொடாது. ஒரு சக்கரம் பழுதானால் தொட்டுவிடும். பூமியில் எடுக்கவே முடியாத துரத்தல் இது. இதை விட்டுவிட்டு இன்னும் எத்தனை வேற்றுக்கிரகவாசிகளைத்தான் ஓடவிடப் போகிறோம்?

வழி தவறும் காட்சிகளில் மூடுபனியைப் போடுகிறார்கள். நிலவில் கண்ணை ஏமாற்றுவது தெளிவுதான். காற்று இல்லாததால் தூரத்துக் குன்றும் பக்கத்துப் பாறையும் ஒரே கூர்மையுடன் தெரியும். அளவை ஒப்பிட்டுப் பார்க்க மரமோ வீடோ கிடையாது. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இன் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். ஒவ்வொரு மேட்டையும் விளிம்பு என்று நம்பி ஏறி, மூச்சு வாங்கி, கடைசியில் நேரம் போதாமல் திரும்பினார்கள். 300 மீட்டருக்கும் மேல் அகலமுள்ள அந்தப் பள்ளத்தின் விளிம்புக்குச் சுமார் 30 மீட்டர் அருகில் வரை போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நல்ல வெளிச்சத்தில், கையில் வரைபடத்துடன் நடந்தது இது.

வெற்றிடத்தில் உடல் வெடிப்பதும், நொடியில் பனிக்கட்டியாவதும் வேண்டாம். சுற்றிலும் காற்று இல்லாததால் உடலின் வெப்பம் அவ்வளவு விரைவில் வெளியேறாது. 1966-இல் ஹூஸ்டனின் வெற்றிட அறையில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடைக்குக் காற்று தரும் குழாய் கழன்றது. சுமார் 14 நொடிகளில் அவர் மயங்கினார். உடனே அறையில் காற்றை நிரப்பியதால் பிழைத்தார். மயங்கும் முன் அவர் நினைவில் கடைசியாக நின்றது, நாக்கின் மேல் எச்சில் கொதிப்பதை உணர்ந்தது. சிதறும் உடலைவிட இந்த நாக்கு எனக்கு அதிகம் நடுக்கம் தருகிறது.

தூசி மேகம்போல் மிதக்காது. சக்கரம் வீசிய மண் வளைகோட்டில் போய் அப்படியே விழும். ஆனால் உடையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும், வெடிமருந்து போல மணக்கும். பேருக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போகாமல், தளத்துக்குள் அது நுழைவதைக் காட்டினால் நல்லது.

ரகசியப் பயணம் என்ற கதைக்கருவிலும் கவனம் தேவை. 2011-இல் வெளியான ‘அப்போலோ 18’ படம், கைவிடப்பட்ட ஒரு பயணம் மறைவாக நடந்ததாகச் சொல்கிறது. 110 மீட்டர் உயர ராக்கெட் ஒன்று ஃப்ளோரிடாவில் கிளம்பினால் சுற்றுவட்டாரமே பார்க்கும். ரகசியமாக்க வேண்டியது பயணத்தை அல்ல, அதன் நோக்கத்தை என்று திரைக்கதை மாறியிருந்தால் நம்பியிருக்கலாம்.

கடைசியாக, உதவி கேட்கும் வசனங்கள். பூமிக்குப் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு 2.6 நொடி ஆகிறது. மறுபக்கத்தில் இடைநிலைச் செயற்கைக்கோள் இல்லாமல் தொடர்பே கிடையாது. அதனால்தான் சீனா 2019-இல் அங்கே சாங்இ-4 கலத்தை இறக்குவதற்கு முன்பே, 2018-இல் அப்படி ஒரு செயற்கைக்கோளை அனுப்பிவைத்தது. படங்களிலோ கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடுகிறது. “கதவு திறக்கிறது, யார் அது?” என்று கேட்டுவிட்டு ஒருவர் காத்திருக்கும் அந்த இரண்டரை நொடியை எடிட்டிங் மேசையில் வெட்டாதீர்கள். முகத்தை மட்டும் காட்டுங்கள்.